சினைக்கெண்டை

மழை பிடித்துக்கொண்டதும் முதலாளி ரத்தினசாமியிடமிருந்து போன் வந்தது. "மோகனு, ஓடையில வெள்ளம் வந்திருச்சாமா. தொட்டியத் தொறந்து உட்ரு."

மோகன்ராஜ் அந்தச் சாயப்பட்டறையில் சூப்பர்வைசர். கழிவைச் சுத்தம் செய்துதான் விட வேண்டும் என்பது சட்டம். சுத்தம் செய்தால் செலவு. அதனால் பாதிக்கழிவு தொட்டியில் தேங்கிக் கிடந்து மழைநாளில் ஓடைக்குப் போகும். ஊரறிந்த ரகசியம்தான். இதிலும் மோகன்ராஜ் தனக்கென்று ஒரு நியாயம் வைத்திருந்தான். வெயில் காலத்தில் முதலாளி என்ன ஏசினாலும் திறக்க மாட்டான். கணுக்கால் தண்ணீரில் கிடக்கிற நாலு மீனும் செத்துப்போகுமே. புதுவெள்ளம் வரட்டும், அடித்துக்கொண்டு போய்விடும், ஓர் உயிருக்கும் சேதமில்லை. நிறையத் தண்ணீர் விட்டால் பாவமும் கரைந்துவிடும் என்று உண்மையிலேயே நம்பினான். வால்வைத் திறந்துவிட்டு, வெள்ளம் பார்க்கிற ஆசையில் வண்டியை எடுத்துக்கொண்டு கீழே தடுப்பணைக்குப் போனான்.

அங்கே மீன் விற்கும் பழனாயி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். கையில் வலை இல்லை. கெண்டைகள் துள்ளித் துள்ளி அணைச்சுவரில் மோதி விழுந்தன. விழுந்தவற்றை அள்ளிச் சுவரைத் தாண்டி மேல்பக்கத் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள்.

"புடிக்கலீங்களா அக்கா?"

"சினை மீனுங்க தம்பி. மொத வெள்ளத்துல ஏறுறதப் புடிக்க மாட்டோம். மேல கொளத்துக்குப் போயி முட்ட போட்டாத்தான் அடுத்த வருசம் நமக்குச் சோறு. ஆனா என்ன கருமமோ, வெள்ளம் வந்தாலே செத்து மெதக்குதுங்க. இந்த வருசந்தான் இத்தன உசுரு வந்திருக்குது."

"வேற நாள்ல ஏறாதுங்களா?"

"வெள்ளம் வந்தாத்தானே கண்ணு அதுகளுக்கு வழி."

மோகன்ராஜ் மேலே பட்டறை இருக்கும் திசையைப் பார்த்தான். முதலாளி மேல் பழியைப் போடவும் வழியில்லை. வெயிலில் திறந்திருந்தால் நாலு மீனோடு போயிருக்கும். வருசம் பூராவும் காத்திருந்து, இவை ஏறி வருகிற நாளாகப் பார்த்துத் திறந்தவன் அவன்தான். பட்டறைக்குப் போன் போட்டு வால்வை மூடச் சொன்னான். தொட்டி எப்போதோ காலியாகிவிட்டது என்றார்கள்.

பழனாயி இன்னொன்றை அள்ளினாள். வயிறு பருத்த பெரிய கெண்டை.

"மேல உடாதீங்க்கா."

"ஏனுங்க தம்பி?"

மீனை நெஞ்சோடு அணைத்தபடி பழனாயி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் விரலிடுக்கில் மஞ்சள் முட்டைகள் கசிந்தன. சுவரைத் தாண்டி வழிந்த தண்ணீர் கருஞ்சிவப்பாக மாறத் தொடங்கியிருந்தது. கீழே கெண்டைகள் இன்னும் அதை நோக்கியே துள்ளிக்கொண்டிருந்தன.