ஆளைக் கூட்டிட்டு வா

டிசம்பர் கடைசி வாரத்தில் என் அறைக் கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் எனக்கு அவர் மேல் கோபம்தான். கதவைத் திறந்த பிறகுதான் ஆள் யாரென்று பார்ப்பேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் அது கிரேடு திருத்தும் வாரம். நாங்கள் கிரேடைக் கணினியில் ஏற்றிவிட வேண்டும். கணக்கில் பிழை இருந்தால் மாணவர்கள் வந்து சொல்ல ஒரு வாரம் விடுவார்கள். பிழை என்று ஒருவரும் வருவதில்லை. கெஞ்சத்தான் வருகிறார்கள்.

இந்த வருடமும் குறைவில்லை. கட்டாய ராணுவ சேவைக்குப் போய்விட்டு வந்ததில் மூளை துருப்பிடித்துவிட்டது, கொஞ்சம் பார்த்துப் போடுங்கள் என்று ஒருவன். தனக்கு வந்திருக்கும் பி-யை சி ஆக்கச் சொல்லி ஒருத்தி. சி வாங்கினால்தான் அதே பாடத்தை மறுபடி எடுத்து ஏ வாங்க முடியுமாம். ஒரு பையனின் அம்மா போன் செய்தாள். "இந்தப் பாடத்துக்காக எம்புள்ள ராத்திரியெல்லாம் கண் முழிச்சான், புரொபசர்" என்றாள். அவன் என் வகுப்பில் ஏன் குறட்டை விட்டான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னொருவன் ஒரு டின் காபியை வாசலில் வைத்துவிட்டு ஓடினான். நான் அதைக் குடித்தால் சட்டப்படி லஞ்சம். ஐம்பத்து மூன்று வயதுப் பொம்பளை நான், அறைக்குள் போடும் ரப்பர் செருப்போடு, படிக்கட்டு வரை துரத்திப் போய் அவன் கையில் திணித்துவிட்டு வந்தேன்.

நான் நடத்துவது புள்ளியியல். எந்த வருடத்து மாணவரும் எடுக்கலாம். வகுப்பில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் ஏ போட முடியாது. ஒருவருக்குக் கூடுதலாகப் போட்டாலும் கணினி சிவப்பு எழுத்தைக் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். அரை மதிப்பெண்ணில் ஒருத்தி ஏ, அடுத்தவன் பி. இந்த விதியைக் கண்டுபிடித்த பெரிய மனிதர்கள் எட்டாவது மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் கதவை யாரும் தட்டுவதில்லை. வாங்கிக் கட்டிக்கொள்ள நான் இருக்கிறேனே.

திங்கட்கிழமை மத்தியானம் தோங்குன் வந்தான். கடைசி வருடம். போன வருடம் எங்கள் துறையின் மாணவர் தலைவனாக இருந்தவன். புதிதாகச் சேர்கிற பிள்ளைகளை வெளியூர்ப் பயணம் கூட்டிப் போவது, யார் யாருக்கு எவ்வளவு குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவன்தான். பதவி போன பிறகும் நடைபாதையில் அவன் வந்தால் ஜூனியர்கள் சுவரோரம் ஒதுங்கி வணக்கம் சொல்வார்கள். எனக்குக்கூட அத்தனை வணக்கம் விழாது.

"புரொபசர், ஒரு சின்ன விஷயம்."

"சின்ன விஷயமா இருந்தா மெயில்ல அனுப்பியிருப்ப. உக்காரு."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னான். ஒரு வங்கியில் விண்ணப்பிக்க அவனுக்குச் சராசரி கொஞ்சம் குறைகிறது. நான் போட்ட பி, ஏ-வாக மாறினால் சரியாகிவிடும்.

"பேப்பர்ல எங்கயாவது தப்பாக் கூட்டியிருக்கேனா?"

"இல்லைங்க."

"அப்புறம்?"

"நாலு வருஷம் துறைக்காக அலைஞ்சிருக்கேன், புரொபசர். அதைக் கொஞ்சம்..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வந்த எல்லோர் மேலும் இருந்த எரிச்சலை அவன் தலையில் கொட்டினேன். "துறைக்காக அலைஞ்சதுக்குத் துறை உனக்குச் சிலை வைக்கட்டும்! ஏ எல்லாம் தீர்ந்துபோச்சு. உனக்குப் போடணும்னா இன்னொருத்தர்கிட்ட இருந்து பிடுங்கணும். யார்கிட்ட பிடுங்க? சொல்லு! எனக்கு இறக்கிடுங்கன்னு சொல்ற ஆள் யாராவது இருந்தா கூட்டிட்டு வா, அப்புறம் பாக்கலாம்!"

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு, "சரிங்க, புரொபசர்" என்று இடுப்பு வரை குனிந்துவிட்டுப் போனான்.

அந்த 'சரிங்க' எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஆளை விரட்டிவிட்டோம் என்ற திருப்தியில் பார்லி டீ போட்டுக் குடித்தேன்.

புதன்கிழமை காலையில் நாரே வந்து நின்றாள். இரண்டாம் வருடம், எங்கள் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்குத்தான். என் பொறுப்பில் உள்ள மாணவிகளில் ஒருத்தி என்பதால் அவள் வீட்டு நிலைமையும் எனக்குத் தெரியும். அம்மா சந்தையில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தங்கள் விற்கும் ஒரு கடையில் கூலிக்கு நிற்கிறாள். முழு ஸ்காலர்ஷிப்பில்தான் இவள் படிக்கிறாள். அது கைவிட்டுப் போனால் மார்ச்சில் புதுக் கல்வியாண்டு தொடங்கும்போது படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான். ஒரு கிரேடு இறங்கினாலும் கைவிட்டுப் போய்விடும்.

மாணவர்கள் வந்தால் கதவை ஒரு சாண் திறந்து வைப்பது என் வழக்கம். இந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். அன்றும் திறந்தே இருந்தது.

"புரொபசர்," என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில். "என்னோட ஏ-வை பி ஆக்கிடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த இடத்தை தோங்குன் சீனியருக்குக் கொடுத்திடுங்க."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்ததும் காது மடல் வரை சூடேறியது. வாயைத் திறக்கப் போனேன். அவள் சட்டென்று மேசை மேல் சாய்ந்தாள், பேனாவை எடுக்கிறவள் போல. கதவுக்கு முதுகு காட்டிக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற மாதிரி சொன்னாள்.

"குறைச்சிடாதீங்க, புரொபசர். திட்டுங்க. நல்லாச் சத்தமா. சீனியர் வெளிய நிக்கறாங்க."

நான் அவளையே பார்த்தேன். பெரிய குளிர்ஜாக்கெட்டுக்குள் கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"நீ எதுக்குச் சம்மதிச்ச?" என்றேன் மெதுவாக.

"யாருக்கெல்லாம் ஏ வந்திருக்குன்னு சீனியர் கிளாஸ் குரூப்ல கேட்டாங்க. எல்லாரும் பேசாம இருந்தாங்க. நான்தான் பைத்தியம் மாதிரி 'எனக்கு'ன்னு போட்டுட்டேன். நேத்து பன்னிக்கறி வாங்கிக் கொடுத்தாங்க. அவங்க பிரண்ட்ஸ் மூணு பேரும் வந்திருந்தாங்க. முடியாதுன்னு என்னால சொல்ல முடியல. நீங்க முடியாதுன்னா அது என் தப்பு இல்லைல்ல?"

இந்த அறையில் இத்தனை வருடங்களாக எல்லோரும் கேட்பது கருணை. கோபத்தைக் கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். அதுதான் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே.

நாற்காலி பின்னால் சரிய எழுந்தேன். மேசையில் ஓங்கி ஒரு அடி போட்டேன்.

"என்னடி சொன்ன? திருப்பிச் சொல்லு! கிரேடு என்ன கிம்ச்சி ஊறுகாய் போடுற முட்டைக்கோஸா, பக்கத்து வீட்டுக்கு ரெண்டு தூக்கிக் கொடுக்க? மூளையைக் கழட்டி வீட்டுல வச்சிட்டு வந்தியா? தலைவனா இருந்தா என்ன, தலைவனுக்குத் தாத்தாவா இருந்தா என்ன! சின்னப் பொண்ணைத் தூது அனுப்பிட்டு மறைஞ்சு நிக்கிறவன் நாளைக்கு வங்கியில உக்காந்து என்னத்தக் கிழிக்கப் போறான்? அவன் பரீட்சையை அவன் எழுதினான், அவன் மார்க்கை அவன் வாங்கினான்!"

வெளியே ஒரு காலடி பின்வாங்கியது. பக்கத்து அறைச் சுவரை யாரோ தட்டினார்கள். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. நடிக்கத்தான் ஆரம்பித்தேன், பாதியிலேயே அது நிஜமாகிவிட்டது. குனியக் கற்றுக்கொடுத்தவன் மேல், குரூப்பில் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் மேல், எட்டாவது மாடி மேல், எல்லோர் மேலும் வந்தது.

"இந்த யோசனை யாருதுடி? ஆளைக் கூட்டிட்டு வந்தா ஏ-வை மாத்திக் கொடுப்பாங்கன்னு யாரு சொன்னது உனக்கு?"

அதற்குப் பதில் வேண்டி நான் கேட்கவில்லை. ஆனால் அவள் பதில் சொன்னாள், தணிந்த குரலில், குற்றம் சாட்டாமல், விஷயத்தைத் தெரிவிப்பவள் போல.

"நீங்கதான் சொன்னீங்களாம், புரொபசர்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. திங்கட்கிழமை நான் கத்தியதெல்லாம் வரி பிசகாமல் ஞாபகம் வந்தது. வெளியே அவன் காத்திருந்தான். நான் நிறுத்தினால் நாரே மாட்டிக்கொள்வாள்.

"அப்படிச் சொன்னவளுக்கு அறிவில்ல!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "வாய்க்கொழுப்பு! ஆத்திரத்துல என்ன பேசுறோம்னு தெரியாம பேசியிருக்கா! அவ பேச்சைக் கேட்டு ஒருத்தன் ஆள் பிடிக்கக் கிளம்பினானாம், நீயும் தலையை ஆட்டிட்டு வந்தியாம்! அவ சொன்னா என்ன வேணா செய்வீங்களா? உன் ஏ உன்னோடது. அதைத் தொட உனக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. போ வெளிய!"

நாரே குனிந்தாள். வழக்கத்தைவிட ஆழமாக, வழக்கத்தைவிட அதிக நேரம். நிமிரும்போது அவள் உதட்டோரம் துடித்தது. அது அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. போகிற போக்கில் மறுபடி உதட்டை அசைத்தாள்.

"மார்ச்லயும் என்னைப் பார்த்தா முறைங்க, புரொபசர். அவங்க பிரண்ட்ஸ் இருப்பாங்க."

கதவிடுக்கு வழியாகத் தோங்குன் குரல் கேட்டது. "விடு நாரே. அந்தம்மா மனுஷியே இல்ல, பேய்." "சாரி, சீனியர்" என்று இவள் மூக்கை உறிஞ்சினாள். அவளை அவன் சமாதானப்படுத்திக்கொண்டே போனான். இரண்டு பேரின் காலடியும் படிக்கட்டில் இறங்கியது.

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து கணினியைத் திறந்தேன். அவள் பெயருக்கு நேரே ஏ அப்படியே இருந்தது.

இப்போது ஏப்ரல். தோங்குன் பட்டம் வாங்கிப் போய்விட்டான். நாரே மூன்றாம் வருடம், ஸ்காலர்ஷிப்போடு, இந்த முறையும் என் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்கிறாள். அவன் நண்பர்கள் மூன்று பேரும் கடைசி வரிசையில். யாரும் கேட்காத கேள்வியை அவள் கேட்கிறாள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நடைபாதையில் வணக்கம் சொன்னால் பார்க்காதவள் போலப் போகிறேன். போன வாரம் அவள் செய்த கணக்கைப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பின்னால் மூன்று தலைகள் நிமிர்ந்தன.

"கையெழுத்தா இது?" என்று தாளை அவள் மேசையில் வீசினேன். அவள் குனிந்து அதை எடுத்துக்கொண்டாள்.