குடிசைக்கு வந்த அம்மன்

மலையில் வெங்கடேஸ்வரி கட்டிக் கொடுத்தது மரக்குடிசை. ஒரே மாதத்தில் அது கோயிலாகிவிட்டது. வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

கூமாப்பட்டிக்கு மேற்கே மலையேற வருகிறவர்களுக்கு மழை வந்தால் ஒதுங்க இடமில்லை. போன வருஷம் ஒரு பையன் குளிரில் விறைத்துப் பிழைத்ததே பெரும்பாடு. அங்கே சிமெண்டு வேண்டாம், காட்டில் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது என்பது ஆர்க்கிடெக்ட் வெங்கடேஸ்வரியின் பிடிவாதம். "மரமா? ரெண்டு மழைக்குத் தாங்காது, கரையான் தின்னுரும்" என்று ராஜபாளையத்தில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போங்கள் என்று வேலையில் இறங்கிவிட்டாள்.

வத்திராயிருப்புத் தோப்புகளில் காய்ப்பு நின்றுபோய் வெட்டிப் போடும் தென்னைகளுக்குக் குறைவா என்ன? அவற்றின் கெட்டியான அடிமரத்தை அறுத்துத் தூண் செய்தாள். கரையான் அண்டாமலிருக்க முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயைப் பூசினாள். தூண்களைக் கல்மேல் நிறுத்தி, மழைத்தண்ணீர் அடியிலேயே ஓடிப் போகும்படி பலகைத் தரையை முழங்கால் உயரம் தூக்கினாள். எல்லாமே போல்ட்டுதான். வேண்டாமென்றால் கழற்றித் தலைச்சுமையாக இறக்கிவிடலாம். நின்ற இடத்தில் புல் முளைத்துவிடும். கதவுக்குப் பூட்டுக் கிடையாது. சேறும் சகதியுமாக வருகிறவனும் நேரே உள்ளே போய்ப் படுக்கலாம்.

வாசல் நிலையை நிறுத்துகிற அன்றுதான் வந்தது வினை. தச்சர் குருசாமி உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"மஞ்சக் குங்குமம் வைக்காம நெலைய நிப்பாட்டுறதா? நல்லாருக்கே கதை! என் கை ஓடாதும்மா."

வெங்கடேஸ்வரியும் சரியென்று தன் கையாலேயே நிலைக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மாவிலை கட்டினாள். எந்த வீட்டில்தான் இதைச் செய்யவில்லை? ஆனால் வீடென்றால் மறுநாளே உலை கொதிக்கும், பிள்ளை அழும், துணி காயும். ஆள் குடியில்லாத காட்டில் மஞ்சள் பூசிய மரம் நின்றால் நம் சனம் சும்மா விடுமா? முதலில் ஏறிப் போனவர் கும்பிட்டார். அடுத்தவர் சூடம் கொளுத்தினார். அதற்கடுத்தவர் நிலைக்குச் சேலையே சாத்திவிட்டார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து, பொழுது போகாமல் இருந்த கூமாப்பட்டி இருளப்பசாமி குத்துவிளக்கும் மணியும் வாங்கிக்கொண்டு மலையேறிவிட்டார். வாசலம்மன் என்று பெயரும் வைத்தாயிற்று.

வனத்துறை ரேஞ்சர் வெங்கடேஸ்வரிக்குப் போன் போட்டார். "எண்ணெய் பூசுன மரக்குடிசைக்குள்ள வெளக்கு எரியுதாம்ல? நாளைக்கு வாரேன். அது கோயிலாவே இருந்துச்சுன்னா பிரிச்சிர வேண்டியதுதான். இன்னும் மேல நீங்க கட்டப்போற அடுத்த குடிசைக்கும் அனுமதி கெடையாது."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஒரு பொறி பட்டால் குடிசை போகும், காடும் போகும். வெங்கடேஸ்வரி அப்போதே கிளம்பினாள்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடிசை கண்ணில் பட்டதும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. மலையேற வந்த ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிப் பெண்கள் மரத்தடியில் தொப்பலாக நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். இருளப்பசாமியின் மனைவி குருவம்மாள் ஒரு பாறைமேல் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாசலை மறித்தபடி இருளப்பசாமியும் மழையில்தான் நின்றார். உள்ளே காய்ந்த தரையில் குத்துவிளக்கு மட்டும் சொகுசாக எரிந்துகொண்டிருந்தது.

"ஏன் அண்ணாச்சி, இந்தப் பிள்ளைகள உள்ள விடல?"

"செருப்போட வருதுக தாயி. கழத்தச் சொன்னா, இதுல ஒருத்தி வீட்டுக்குத் தூரமாம். அம்மன் குடியிருக்க எடத்துல அதெல்லாம் ஆகுமா?"

"யாரு குடியிருக்கது? இது மழைக்கு ஒதுங்கக் கட்டுன குடிசை."

"நேத்து வரைக்கும் குடிசை. இன்னைக்குச் சாமி. கண்ணக் குத்திரும், பாத்துக்க."

"குத்தட்டும். எனக்குத்தான குத்தும்? தள்ளுங்க."

அவள் போட்ட அதட்டலில் மனுஷன் தன்னையறியாமல் விலகிவிட்டார். ஷூவோடு, சேற்றோடு, நங்நங்கென்று பலகையில் மிதித்து உள்ளே போனாள். எரிகிற திரியை இரண்டு விரலால் நசுக்கினாள். சுட்டது. சுடட்டும். நிலையில் சாத்தியிருந்த சேலையை அவிழ்த்து மடித்தாள், மணியைக் கழற்றினாள், விளக்கோடு சேர்த்து அவர் கையில் திணித்தாள். பிறகு துப்பட்டாவால் நிலையை அழுத்தித் துடைத்தாள்.

"ஐயையோ, பாவமாப் போயிரும்!" என்று இருளப்பசாமி அலறினார்.

"இந்த மஞ்சளப் பூசுனதே நான்தான் அண்ணாச்சி. என் கையால பூசுனேன், என் கையாலேயே தொடைக்கேன். நாளைக்கு ரேஞ்சர் வந்து இதப் பிரிச்சுப் போட்டா, அடுத்த மழையில இங்க ஒரு உசுரு போகும். அந்தப் பாவத்த யாரு சொமக்கது? நீங்களா?"

"உள்ள வாங்கம்மா" என்று பெண்களைப் பார்த்துக் கத்தினாள் வெங்கடேஸ்வரி. ஒருத்தியும் அசையவில்லை. படித்த பிள்ளைகள்தான், ஆனாலும் பயம் யாரை விட்டது? தன் கட்டடத்துக்குள் தான் மட்டும் தனியாக நிற்கிறோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாறைமேலிருந்து குருவம்மாள் எழுந்தாள். சாக்கை உதறினாள்.

"ஏட்டிகளா, வழிய விடுங்க. குளுரு எலும்பத் திங்குது."

"குருவு! நீ எங்க போற?" என்றார் இருளப்பசாமி.

"உள்ள போறேன். உங்களுக்குச் சாமி வந்த நாள்லருந்து நான் பாறையில கெடக்கேன். எம்புட்டு மழைதான் ஒருத்தி நனைவா?"

சேற்றுச் செருப்போடு ஏறி, பலகையில் காலை நீட்டி, "யப்பாடி!" என்று உட்கார்ந்தாள் குருவம்மாள். ஆகாயம் இடிந்து விழவில்லை. அவ்வளவுதான், பெண்கள் திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள். ஈரத் துணியைப் பிழிந்தார்கள். ஒருத்தி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தாள். தூரமானவளுக்குக் குருவம்மாள் தன் பக்கத்திலேயே இடம் போட்டாள். குடிசை மறுபடியும் குடிசையாகிவிட்டது.

வெளியே இருளப்பசாமி ஒற்றை ஆளாக, கையில் அணைந்த விளக்கோடு நின்றார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெறுங்காலைப் படியில் வைத்தார்.

வெங்கடேஸ்வரி வாசலுக்குக் குறுக்கே கையை நீட்டினாள்.

"வாங்க அண்ணாச்சி, உங்களுக்கும் சேத்துத்தான் கட்டிருக்கேன். ஆனா வெறுங்காலோட வரக் கூடாது. செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க."

இருளப்பசாமி அவளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அவர் விளக்கைப் பாறைமேல் வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போய்க் குனிந்து செருப்பைத் தேடினார்.