கறிவேப்பிலை வாங்கப் போகிறவர்

நிகழ்தகவை ஒழுங்காகப் படித்த மனிதன் சூதாடவும் மாட்டான், சாமியிடம் வேண்டிக்கொள்ளவும் மாட்டான். இரண்டும் ஒரே நோய்க்கு வைத்த இரண்டு பெயர்கள். புள்ளியியல் இரண்டாம் ஆண்டு முடிப்பதற்குள் இதை நான் கண்டுபிடித்துவிட்டேன். மனித குலம் இத்தனை காலமாக எனக்காகத்தான் காத்திருந்தது போல.

வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டிலேயே ஆராய்ச்சிக்கு இரண்டு நோயாளிகள் கிடைத்தார்கள். அப்பா பசுபதிக்கு முதல் வகை. அம்மா ஜலஜாவுக்கு இரண்டாம் வகை.

அப்பாவுக்கு மருந்துக் கம்பெனி ஒன்றில் டேட்டாபேஸ் வேலை. சனிக்கிழமை கிரிக்கெட் ஆடும் அங்கிள்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு ஃபேன்டஸி லீக் நடத்தினார்கள். தோற்றவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தர வேண்டும். அங்கே ஆரம்பித்தது. நியூ ஜெர்சியில் பந்தயம் சட்டப்படி சரி என்று ஆன பிறகு, அங்கிள்கள் தேவைப்படவில்லை. பிரியாணியும் தேவைப்படவில்லை. ஃபோனில் ஓர் ஆப் போதும். அரசாங்கமே அனுமதி தந்து, வரி வாங்கிக்கொண்டு, விளம்பரத்தின் அடியில் எறும்பு எழுத்தில் ‘பிரச்சினை இருந்தால் இந்த எண்ணை அழைக்கவும்’ என்றும் போட்டிருந்தது. பள்ளம் தோண்டிவிட்டுப் பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் நம்பரை எழுதி வைக்கும் கரிசனம்.

கிரிக்கெட்டில் ஆரம்பித்த பந்தயம் டேபிள் டென்னிஸில் வந்து நின்றது. அப்பா டேபிள் டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் செக் நாட்டில் ஏதோ ஒரு கொட்டகையில் ஆடுகிற ஆளுக்குக் கணுக்கால் வலி என்றால், அந்த ஆளின் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஆபீஸ் மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு முகம் தெரியாத செக் ஆட்களை ‘வாடா, வாடா’ என்று கூப்பிடுவார்.

நிறையத் தோற்பவர்களைக் கவனித்துக்கொள்ள அந்தப் பந்தயக் கம்பெனியில் தனி ஆட்கள் உண்டு. அப்பாவுக்கு வாய்த்தவன் பெயர் ப்ரெண்டன். நாங்கள் மூன்று பேரும் அப்பாவின் பிறந்தநாளை மறந்துபோன வருடம், ப்ரெண்டன் மறக்கவில்லை. தீபாவளிக்கு ‘ஹேப்பி திவாலி, பசு!’ என்று மெசேஜ் அனுப்பினான். கூடவே ஒரு இலவசப் பந்தயம். சொந்தக்காரர்கள் எல்லாம் வெறும் விளக்குப் படம்தான் அனுப்பியிருந்தார்கள்.

என் தங்கை ஸ்ம்ருதியின் காலேஜுக்குச் சேர்த்து வைத்திருந்த பணம் காலியான பிறகுதான் அம்மாவுக்கு முழு விஷயமும் தெரிந்தது. அம்மா கத்தவில்லை. இட்லித் தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு வந்து அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தடவைங்க. ஒரே ஒரு தடவை நீங்க அதைத் தொட்டீங்கன்னு தெரிஞ்சுது, ஸ்ம்ருதிய கூட்டிக்கிட்டு ரிச்சர்ட்சன் போயிடுவேன். அண்ணன்கிட்ட பேசிட்டேன். ரூம் இருக்காம்.”

“ஐம் நாட் மூவிங் டு டெக்சஸ்,” என்றாள் ஸ்ம்ருதி மாடிப்படியிலிருந்து. “ஐ ஹேவ் ஆர்கெஸ்ட்ரா.”

ரிச்சர்ட்சன் மயில்சாமி மாமா எங்களை ஸ்பீக்கர் ஃபோனில் போடச் சொல்லி அப்பாவுக்கு அறிவுரை சொன்னார். தான் வாழ்க்கையில் ஒரு பந்தயம்கூடக் கட்டியதில்லை என்றார். டெக்சஸில் அந்த ஆப் சட்டப்படி ஓடாது. மாமா அதைத் தன்னுடைய ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா அழுதார். முன்பும் இரண்டு முறை அழுதிருக்கிறார். இந்த முறை மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். அப்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

“உணர்ச்சிவசப்படாதீங்க. இது ஒரு சிஸ்டம் பிரச்சினை,” என்றேன்.

மாநில அரசாங்கமே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ‘என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று நாமே பெயர் கொடுத்துவிட்டால், நியூ ஜெர்சியில் எந்த ஆப்பும் எந்த கேசினோவும் நம்மைச் சேர்க்கக் கூடாது. அப்பாவை உட்காரவைத்து அதில் சேர்த்தேன். பேங்க் பாஸ்வேர்டு அம்மாவுக்குப் போனது. அப்பாவின் செலவுக்குத் தனியாக ஒரு சின்ன கார்டு. எல்லாம் முடிந்ததும் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். உலகத்தின் மற்ற பிரச்சினைகளும் வரிசையில் நின்றிருந்தால் அன்று மாலைக்குள் முடித்துக் கொடுத்திருப்பேன்.

அம்மா என்னைப் பாராட்டவில்லை. மாடியில் துணி அலமாரிக்குள் இருக்கும் சாமித் தட்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து மஞ்சளில் நனைத்துக் காயப்போட்டு வைத்திருந்தாள். அதிலிருந்து ஒரு துண்டு. ஒரு க்வார்ட்டர் காசு. காசைக் கண்களில் ஒற்றி, துணியில் முடிந்து, பிள்ளையார் பக்கத்தில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே சில முடிச்சுகள் இருந்தன. காரியம் நடந்தால் பிரிட்ஜ்வாட்டர் கோயில் உண்டியலில் போய்ச் சேர வேண்டியவை. ஒன்றும் போய்ச் சேரவில்லை.

“அம்மா, நீ இப்ப என்ன பண்ணே தெரியுமா? பெட் கட்டுனே. இருபத்தஞ்சு சென்ட் வெச்சு ஒரு குடும்பத்தையே திருப்பிக் கேக்குறே. இந்த ரேட் ப்ரெண்டன்கூட தரமாட்டான்.”

“வாயைக் கழுவு.”

“அப்பா ஆடுனா அடிக்ஷன், நீ ஆடுனா பக்தியா? பழைய முடிச்செல்லாம் தோத்தாச்சு. தோத்ததைப் பிடிக்க மறுபடி வைக்கிறே. இதுக்கு ஸ்டாட்ஸ்ல ஒரு பேர் இருக்கு.”

“பேர் வெக்கிறதுக்குத்தான் உன்னைப் படிக்க வெச்சோம் பாரு,” என்றாள் அம்மா. விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். “காசைக் கண்ணுல ஒத்திக்கிறதால உனக்கு என்னடா நஷ்டம்?”

“காசுக்கு அதனால மதிப்பு கூடப் போறதில்ல.”

அம்மா அடுப்பைப் பார்க்கக் கீழே போனாள். நான் ஜெயித்தேன் என்று எடுத்துக்கொண்டேன்.

சிஸ்டம் வேலை செய்தது. அப்பா ஃபோனைச் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். ஸ்ம்ருதியைக் காலையில் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொண்டுபோய் விட்டார். பாத்திரம் தேய்த்தார். அம்மா மயில்சாமி மாமாவிடம் பேசும்போது ‘பரவால்லண்ணா, இப்ப பரவால்ல’ என்று சொல்வது கேட்டது.

அதன் பிறகு அப்பா கறிவேப்பிலை வாங்க ஆரம்பித்தார்.

“கறிவேப்பிலை இருக்கா ஜலஜா? தீர்ந்துடுச்சா? நான் போய் வாங்கிட்டு வரேன்.” முதலில் அம்மாவுக்குச் சந்தோஷம். கல்யாணமான நாளிலிருந்து கடைக்குப் போகாத மனிதர். தாளிக்கும்போது ஒரு கொத்துக்கு இரண்டு கொத்தாகப் போட்டாள். பிறகு ஃப்ரிட்ஜில் முட்டைக்கு மேல், பாலுக்குப் பின்னால், எங்கு பார்த்தாலும் கறிவேப்பிலைப் பொட்டலம். அம்மா பொடி அரைத்தாள். தொக்கு செய்தாள். ஸ்ம்ருதி டிஃபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, “வி ஆர் நாட் கோட்ஸ், அம்மா,” என்றாள்.

நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் எவ்வளவு கறிவேப்பிலை தின்னும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. புள்ளியியல் படித்தவன் கண்ணில் இது படாமல் போகுமா? ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா சாவியை எடுத்ததும், நானும் போய் முன்சீட்டில் உட்கார்ந்தேன்.

“நீ எதுக்குடா?”

“காத்து வாங்க.”

அப்பா என்னைப் பார்த்தார். இறங்கச் சொல்லவில்லை. வண்டியை எடுத்தார். ரூட் ஒன்றில் இந்தியக் கடையின் போர்டு வந்தது, போனது.

“அப்பா, கடை போயிடுச்சு.”

“இங்க ஃப்ரெஷ்ஷா இருக்காது.”

லாரன்ஸ்வில் போனது. ட்ரென்டன் வந்தது. அப்பா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, டெஸ்ட் எழுதப் போகிற பையன் மாதிரி நேராகப் பார்த்து ஓட்டினார். டெலவர் ஆற்றுப் பாலம் வந்தது. பக்கத்துப் பாலத்தின் மேல் பெரிய எழுத்துகளில் எழுதியிருக்கும்: ட்ரென்டன் உண்டாக்குகிறது, உலகம் எடுத்துக்கொள்கிறது. பாலத்தின் நடுவில் மாநிலம் மாறியது. அப்பாவின் ஃபோன் ‘டிங்’ என்றது. வீட்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு யாரோ கதவு திறந்துவிட்டது போல.

பென்சில்வேனியாவுக்கு வேறு சட்டம், வேறு பட்டியல்; அதில் அப்பாவின் பெயர் இல்லை. நியூ ஜெர்சியில் நான் கட்டிய கோட்டைக்கு நாலாவது சுவரே கிடையாது. அந்தப் பக்கம் ஆறு இருந்தது. ஆற்றின் மேல் பாலம் இருந்தது.

மூடிப்போன மரச்சாமான் கடை ஒன்றின் பின்னால் வண்டியை நிறுத்தினார். அங்கே இன்னும் சில கார்கள் நின்றன. எல்லாம் நியூ ஜெர்சி நம்பர் பிளேட். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஆண் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். மூன்று கார் தள்ளி வெள்ளியங்கிரி அங்கிள். சனிக்கிழமை கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர். அப்பாவும் அவரும் கோயில் பிரகாரத்தில் எதிர்ப்பட்டவர்கள் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

“அவர் என்ன வாங்க வந்திருக்கார்?”

“தயிர்,” என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் இரண்டு பேருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“அந்தச் சின்ன கார்டுல இருந்தா?”

“வேற கார்டு.” அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அதனால்தான் கேட்கவில்லை.

“உங்களுக்கே வெக்கமா இல்லையாப்பா? நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். இன்னிக்காவது திரும்பியிருக்கலாம்ல?”

“பாலத்துக்கு முன்னாடி ஒரு எக்ஸிட் இருக்குல்ல,” என்றார். “தினமும் அதுல திரும்பணும்னுதான்டா கிளம்புறேன். சத்தியமா. கறிவேப்பிலையை வாங்கிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடணும்னு. இன்னிக்கு நீ ஏறி உக்காந்ததும், அப்பாடா, இன்னிக்குத் திரும்பிடுவோம்னு நினைச்சேன்.” ஃபோனைத் தொடையில் கவிழ்த்து வைத்தார். “எக்ஸிட் வந்துச்சு. பாத்தேன். போயிடுச்சு.”

“பென்சில்வேனியா லிஸ்ட்லயும் உங்க பேரைக் குடுத்துடறேன்.”

“குடு.” கோபமே இல்லாமல் சொன்னார். “குடுத்துடு கண்ணா. டெலவர் ஸ்டேட் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்ல.”

மொத்தம் எத்தனை மாநிலம் என்று ஒரு கணக்கு எனக்குள் ஓடியது. அதை நிறுத்தினேன்.

ப்ரெண்டன் மெசேஜ் அனுப்பினான். மகன், மகள், நண்பர் என்று இருபத்தொரு வயது ஆன யாரையாவது சேர்த்துவிட்டால் இரண்டு பேருக்கும் போனஸ். அப்பா அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் போன மாதம்தான் இருபத்தொன்று முடிந்தது. மெசேஜை அழித்துவிட்டார். அன்று அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று எனக்குப் புரிந்தது.

“ஒரே ஒரு கேம். இது முடிஞ்சதும் போயிடலாம்,” என்றார்.

செக் நாட்டில் யாரோ ஒருவர் சர்வீஸ் போட்டார். நான் கீழே குதித்து நடந்திருக்கலாம். ஃபோனைப் பிடுங்கி ஆற்றில் எறிந்திருக்கலாம். ஆறு பக்கத்தில்தான் இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன். பந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. அப்பா ஜெயித்தார். அது தோற்பதைவிட மோசம் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. இன்னும் ஒன்று ஆடினார்.

திரும்பும்போது ரூட் ஒன்று கடையில் கறிவேப்பிலை வாங்கினோம். அப்பா பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துத்தான் வாங்கினார். அந்த விஷயத்தில் அவர் நேர்மையானவர்.

“அம்மாகிட்ட சொல்லப்போறியா?” என்றார், எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பும்போது.

சொன்னால் அம்மாவும் ஸ்ம்ருதியும் ரிச்சர்ட்சனில். சொல்லாவிட்டால் நாளைக்கும் கறிவேப்பிலை. இரண்டில் எது குறைந்த நஷ்டம் என்று கணக்குப் போடும் வழி எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அதில் போடுவதற்கு ஒரு எண்ணும் என்னிடம் இல்லை.

அம்மா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்பா கை கழுவப் போனார்.

“கூட நீயும் போயிருந்தியா?”

“ம்.”

“பரவால்லல்ல க்ரிஷ்? அப்பா இப்ப பரவால்லல்ல?” அவள் என் முகத்தைப் பார்க்காமல் ஃப்ரிட்ஜைத் திறந்து, பாலை நகர்த்தி இடம் தேடினாள். “உன் சிஸ்டம் வேலை செய்யுதுல்ல?”

அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தும் என்னிடமிருந்து ‘ஆமாம்’ என்ற ஒரு வார்த்தை வேண்டித்தான் கேட்டாளோ என்னவோ.

“செய்யுதும்மா,” என்றேன்.

மாடிக்குப் போனேன். அலமாரிக் கதவைத் திறந்தேன். மஞ்சள் துணி சாமித் தட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்தது. ஓரத்தில் ஒரு துண்டு கிழித்தேன். சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

“க்ரிஷ்? வாட் ஆர் யூ டூயிங் இன் தேர்?” ஸ்ம்ருதியின் குரல், அவள் அறையிலிருந்து.

“டவல் எடுக்கிறேன்.”

ஜீன்ஸ் பையில் ஒரு க்வார்ட்டர் இருந்தது. முடிச்சு எப்படிப் போடுவது என்று சரியாகத் தெரியவில்லை. ஷூ லேஸ் மாதிரி கட்டிப் பார்த்தேன், அவிழ்ந்துவிட்டது. பல்லால் இழுத்து இறுக்க வேண்டியிருந்தது. நாக்கில் மஞ்சள் கசந்தது. பிறகு நினைவுக்கு வந்து, முடிச்சை மறுபடி அவிழ்த்தேன். காசை வெளியே எடுத்து, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டு, திரும்ப முடிந்து, அம்மாவுடைய முடிச்சுகளுக்குப் பின்னால் வைத்தேன்.