எட்டுப் பேய்களின் எடை

படத்தில் எட்டுப் பேய்கள் வந்தன. நான் எண்ணி முடிப்பதற்குள் பக்கத்து இருக்கையில் இருந்த என் மகள் எண்ணி முடித்துவிட்டாள்.

"எட்டுப்பா. அழகா லைன்ல நிக்குது. எல்லாம் டிக்கெட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். மூன்றாவது பேய் தலைமுடியைச் சரிசெய்துகொண்டது. அதற்குத் தியேட்டர் முழுக்கச் சிரித்தது.

இந்தப் படத்தின் மூலக்கதையை மகளுக்குப் பத்து வயதிலிருந்து சொல்லிவருகிறேன். பெயர் 'கூடுதல் பாரம்'. எழுதியவரை வாசகர்களான நாங்கள் இருட்டக்கா என்போம். கணவனை இழந்த ஒரு பெண் ஒரு கட்டடத்தின் லிப்டில் தனியாக ஏறுகிறாள். பாரம் அதிகம் என்று பஸ்ஸர் அடிக்கிறது. இறங்குகிறாள், நின்றுவிடுகிறது. ஏறுகிறாள், அடிக்கிறது. மூன்றாம் தடவை அவள் இறங்கவில்லை. பக்கத்தில் யாருமில்லாத இடத்தைப் பார்த்து, "நீங்க இறங்குங்க. நான் போகணும்" என்கிறாள். பஸ்ஸர் நிற்கிறது. கதவு மூடுகிறது. அவ்வளவுதான் கதை. ரத்தம் கிடையாது, அலறல் கிடையாது.

நான் லிப்ட் மெக்கானிக். இந்தக் கதை என்னை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டது என்றால், மனிதனின் கண் ஏமாறும், காது ஏமாறும், லிப்டின் தரைக்கு அந்த வசதி இல்லை. தன்மேல் எவ்வளவு பாரம் நிற்கிறது என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். அதற்குப் பயமும் இல்லை, துக்கமும் இல்லை. அப்படிப்பட்ட ஒன்று 'இங்கே இன்னொரு ஆள் இருக்கிறார்' என்று சொன்னால் யாரிடம் போய் மறுப்பது?

அதில் கொண்டுவந்து எட்டுப் பேய்களை அடைத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் மகள் கேட்டாள். "இதுக்காப்பா இத்தனை வருஷம் பில்டப் குடுத்தே?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தப் படத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று இருட்டக்கா ஊரறியச் சொல்ல வேண்டும், அதை அவர் வாயாலேயே சொல்லவைத்து மகளிடம் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எங்கள் வாசகர் கூட்டத்தில் ஆறு பேர். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஜெராக்ஸ்காரர் கடையின் பின்னறையில் கூடுவோம். கூட்டத்துக்கு ஒரே ஒரு விதி: இருட்டக்காவின் எந்தக் கதையையும் பாராட்டலாம், ஆனால் அதற்கு முன் அதில் ஒரு பிழையாவது கண்டுபிடித்துச் சீட்டில் எழுதித் தர வேண்டும். சீட்டுக்கு மூன்று பிரதிகள். ஒன்று இருட்டக்காவுக்கு, ஒன்று பதிப்பகத்துக்கு, ஒன்று கடையில் இருக்கும் ஃபைலுக்கு. சும்மா வாய் பிளப்பவன் ரசிகன் அல்ல, குறை கண்டுபிடிப்பவன்தான் உண்மையில் படித்தவன் என்பது எங்கள் கொள்கை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்த வாரம் எல்லாரும் கொதித்துப்போய் வந்திருந்தார்கள். டியூஷன் டீச்சர் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டாராம். நர்ஸ் ஒருவர் எங்கள் கூட்டத்தில் இருக்கிறார், அதிகம் பேசாதவர். அவர்கூட இயக்குநரை ஒரு வார்த்தை சொன்னார், அதை எழுத முடியாது. இரண்டு மணி நேரத்தில் நாற்பத்தொரு பிழைகள் சேர்ந்தன. அதை இருட்டக்காவுக்கு ஒரு பகிரங்கக் கடிதமாக்கி, இருநூறு பிரதி எடுத்து, அடுத்த ஞாயிறு தியேட்டர் வாசலில் கொடுப்பது, இணையத்திலும் போடுவது என்று முடிவானது. கடிதத்தின் கடைசி வரி என்னுடையது: 'இந்தப் படத்திலிருந்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நாங்கள் உங்களைப் படிப்பதை நிறுத்துகிறோம்.' முதல் கையெழுத்தும் என்னுடையது. வெளியிடும் முன் அவரிடம் நேரில் படித்துக்காட்டும் பொறுப்பையும் நானே வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லாத கட்டடம். இருட்டக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலையில் இருந்து விலகி எழுத வந்தவர். மேசை மேல் புத்தகங்களும் மருந்து அட்டைகளும் கலந்து கிடந்தன. உட்காரச் சொன்னார். மொத்தத்தையும் படிக்க வேண்டாம், முதல் குறை மட்டும் போதும் என்றார்.

நான் படித்தேன். "ஒன்று. மூலக்கதையில் ஒரே ஓர் ஆவிதான். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. அதை எட்டாக்கிக் கேலிக்கூத்து ஆக்கியிருக்கிறார் இயக்குநர்."

"மூலக்கதைன்னா எது?"

எனக்குப் புரியவில்லை. அவர் ஒரு புத்தகத்தை எடுத்து என் முன் போட்டார். அதே கதைத் தொகுப்பு, இரண்டாம் பதிப்பு. அறுபத்தொன்றாம் பக்கத்தைப் படிக்கச் சொன்னார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆறு பேரிடமும் இருப்பது முதல் பதிப்பு. இரண்டாம் பதிப்பு வந்தபோது மரியாதைக்கு ஆளுக்கொன்று வாங்கினோம். யாரும் பிரிக்கவில்லை. முதல் பதிப்பு வைத்திருப்பவன் அடுத்ததைப் படிப்பது எங்களுக்குள் கௌரவக் குறைச்சல். இப்படியே பதினெட்டு வருடம் ஓடிவிட்டது.

அறுபத்தொன்றாம் பக்கத்தில் அந்தப் பெண் லிப்டில் ஏறுகிறாள். பஸ்ஸர் அடிக்கிறது. சுவரோரம் எட்டு உருவங்கள் நிற்கின்றன.

பக்கத்துக்கு இடையில் மஞ்சளாகிப்போன சீட்டு ஒன்று இருந்தது. எங்கள் கூட்டத்தின் சீட்டு. என் கையெழுத்து. 'பிழை: எட்டுப் பேர் லிப்டின் கொள்ளளவு, தலைக்கு எழுபத்தைந்து வீதம், அறுநூறு கிலோ. ஒரு பெண்ணும் ஓர் ஆவியும் ஏறினால் பஸ்ஸர் அடிக்க வாய்ப்பே இல்லை. அடிக்க வேண்டுமானால் அவளோடு இன்னும் எட்டுப் பேராவது வேண்டும்.' எட்டுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்.

"அந்த பஸ்ஸர் எனக்கு அடிச்சது," என்றார் இருட்டக்கா. குரலை உயர்த்தவே இல்லை. "லேப் இருந்த கட்டடத்துல. என் வீட்டுக்காரர் போய் ரெண்டு வாரம். நான் தனியா ஏறுறேன், அடிக்குது. மூணு நாள் அடிச்சது. நாலாம் நாள் அடிக்கல. அதைத்தான் எழுதினேன். நீங்க கணக்கோட வந்தீங்க. மெக்கானிக்காச்சே, தெரியாமலா சொல்வார்னு எனக்கு நடந்ததை நானே நம்பாம, கதையில எட்டா மாத்திட்டேன்."

நான் சீட்டை மறுபடி அறுபத்தொன்றாம் பக்கத்திலேயே வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க லிப்ட்காரரே. ஒரு ஆளுக்கு அடிக்குமா, அடிக்காதா?"

அடிக்கும். எப்படி என்று விளக்குகிறேன். பல லிப்ட்களில் தரைப்பலகை ரப்பர் கட்டைகள் மேல் உட்கார்ந்திருக்கும். ஆட்கள் ஏற ஏற ரப்பர் நசுங்கும், பலகை சில மில்லிமீட்டர் கீழே இறங்கும். அடியில் ஒரு சின்ன சுவிட்ச். பலகை அதைத் தொட்டால் பஸ்ஸர். அதாவது அந்த லிப்ட் எடை போடுவதே இல்லை, பலகை எவ்வளவு இறங்கியது என்பதை மட்டும் பார்க்கிறது. வருடங்கள் போனால் ரப்பர் தளர்ந்து, காலியாக இருக்கும்போதே பலகை தாழ்ந்து கிடக்கும். பிறகு ஒருவர் காலை வைத்தால் போதும். மாதத்துக்கு இரண்டு புகாராவது எனக்கு இப்படி வரும். ரப்பருக்கு அடியில் அட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்துவிட்டுப் போவேன். பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அந்தச் சீட்டு என் ஞாபகத்துக்கு வந்ததில்லை. அவர் கதையில் 'பழைய லிப்ட்' என்றே எழுதியிருந்தார். அந்த 'பழைய'வை நான் படிக்கவே இல்லை.

"அடிக்கும்கா," என்றேன்.

"அப்ப கிளம்புங்க. திரும்ப மாத்தச் சொல்லி இன்னொரு சீட்டு எழுதிடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் மகள் விசாரித்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அந்த எட்டுப் பேயும் உன்னோடதாப்பா?"

கோபப்பட ஆள் தேடினேன். இயக்குநர் புத்தகத்தில் இருந்ததை எடுத்திருக்கிறார். இருட்டக்கா நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார். மிச்சம் ஒரே ஆள்தான், அவனோடுதான் அன்று சாப்பிட்டுத் தூங்க வேண்டியிருந்தது.

மறுநாள் கூட்டத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர் கட்டையை விளக்க ஜெராக்ஸ்காரரின் அழிரப்பரையும் ஸ்கேலையும் வாங்கிச் செய்தே காட்டினேன். கடிதம் போகக்கூடாது, முதல் பிழை நம்முடையது, என் கையெழுத்தை அடிக்கிறேன் என்றேன்.

டியூஷன் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாசகன் ஆயிரம் சொல்வான். அதுக்காக எழுதினவங்க உடனே மாத்திடறதா? முதுகெலும்பு வேண்டாமா?"

ஜெராக்ஸ்காரருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. உடனே கடிதத்தின் அடியில் எழுதினார்: 'நாற்பத்திரண்டு. நல்ல கதையை ஆசிரியரே கெடுத்தது.' மற்ற இருவரும் தலையாட்டினார்கள். பட்டியல் இன்னும் கனமாகிவிட்ட சந்தோஷம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. என்னிடம் அதே சந்தோஷம் பத்தொன்பது வருடம் முன்பு இருந்தது, இரண்டு கோடு போட்டபோது.

ஜெராக்ஸ்காரர் தாளை மெஷினில் வைத்து, இருநூறு என்று அழுத்தினார். முதல் பிரதி வெளியே வந்தது. இரண்டாவதும் வந்தது.

லிப்டில் கை வைக்கும் முன் செய்ய வேண்டிய முதல் காரியம் மெயினை நிறுத்துவது. யோசித்துச் செய்யவில்லை, கை பழக்கம். சுவரில் இருந்த மெயினை இறக்கினேன். மூன்றாவது தாள் பாதியில் நின்றது. மின்விசிறி வேகம் குறைந்தது. நான் சுவிட்ச் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

"என்னய்யா, உன் வீட்டு லிப்டா இது?" என்றார் ஜெராக்ஸ்காரர். "தள்ளு."

"தள்ள மாட்டேன். ஃபைலை எடுங்க. அக்கா எதையெதை மாத்தினாங்க, யார் சீட்டால மாத்தினாங்கன்னு படிப்போம். படிச்சப்புறம் போடுங்க மெயினை."

டீச்சர் கத்தினார், நானும் கத்தினேன். உனக்கு மட்டும் மனசாட்சி வந்துவிட்டதோ என்றார், லேட்டாகத்தான் வந்தது என்றேன். ஜெராக்ஸ்காரர் என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை. கதவு, மோட்டார், எதிர் எடை என்று தள்ளிப் பழகிய உடம்பு.

இந்தச் சத்தத்துக்கு நடுவில் நர்ஸ் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்தார். தன் சீட்டைத் தேடி எடுத்து, எங்களுக்குக் கேட்கும்படி படித்தார். இறந்த அம்மாவின் நகத்தை மகள் தினமும் வெட்டிவிடும் கதை பற்றியது அது. 'பிழை: இறந்த பிறகு நகம் வளராது. தோல் சுருங்குவதால் வளர்ந்தது போலத் தெரியும்.'

"இது சரிதானே? லிப்ட் மாதிரி இல்லையே," என்றார் டீச்சர்.

"சரிதான்," என்றார் நர்ஸ். என் பக்கம் திரும்பினார். "ரெண்டாம் பதிப்பு இருக்கா?"

காலையில்தான் உறையைக் கிழித்துப் பையில் வைத்திருந்தேன். கொடுத்தேன். அவர் பொருளடக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடி மேலே போய், மறுபடி வந்தார். நகக் கதை இல்லை. அதைத்தான் அவர் எங்களுக்கு அடிக்கடி மனப்பாடமாகச் சொல்வார்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஜெராக்ஸ் மெஷினின் கண்ணாடி மேல் கிடந்த கடிதத்தை எடுத்து, தன் கையெழுத்து இருந்த இடத்தைக் கிழித்தார். அந்தத் துண்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்து, அவரும் சுவிட்ச் பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றார்.

"இப்பவாவது போடலாமா?" என்றார் ஜெராக்ஸ்காரர்.

"போட்டுப் பாருங்க," என்றார் நர்ஸ்.