நான் துடைத்த ஆறு இலக்கங்கள்

1

இந்தக் கதை ஒரு பழைய பனியன் துணியிலிருந்து பிறந்தது. அந்தத் துணியால் நான் என்ன செய்தேன் என்பதை நான்காம் பகுதியில் மெதுவாக அவிழ்ப்பதாகத்தான் திட்டம். ஆனால் செய்தவன் நானே என்பதால் அதுவரை தாங்காது. அக்காவின் காரில், எஞ்சினை ஒட்டிய கறுப்பு மூடியில், வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதியிருந்த ஓர் எண்ணை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டேன்.

அழுக்குக்காகத் துடைக்கவில்லை. எஞ்சினை நன்றாகப் பார்த்து வர்ணிக்க வேண்டும் என்று துடைத்தேன். அதாவது, இந்தக் கதைக்காக.

2

தொடக்கங்கள்.

"இரண்டு லட்சத்து நான்காயிரம் கிலோமீட்டர் ஓடி முடித்த அந்தக் கார், வாசலில் ஓர் அரசியைப் போல" (அரசி வேண்டாம். அக்கா சிரிப்பாள்.)

"ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் ஒரு டைமிங் பெல்ட்" (இதை எழுதியதும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெட்கம் கொஞ்சம் இறங்கியது.)

சரி, நேராகவே சொல்கிறேன். டைமிங் பெல்ட் என்பது எஞ்சினுக்குள் ஓடும், பல் வைத்த ரப்பர் பட்டை. மேலே வால்வுகள் திறந்து மூடுவதையும் கீழே பிஸ்டன்கள் ஏறி இறங்குவதையும் ஒரே தாளத்தில் பிடித்து வைப்பது அதுதான். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். எஞ்சின் அவ்வளவுதான். இந்தக் காருக்கு லட்சம் கிலோமீட்டருக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரிந்தால் மீதி வெறும் கழித்தல் கணக்கு.

அந்தக் 'கடைசியாக எப்போது'தான் இப்போது பனியன் துணியில் இருக்கிறது.

3

பாத்திரங்கள் இரண்டே பேர். (நான் பாத்திரமா என்பது இன்னும் முடிவாகவில்லை.)

மெக்கானிக்கை எல்லோரும் 'பொறுமை' என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அந்தச் சொல்லில்தான் ஆரம்பிப்பார். அவரிடம் நோட்டுப் புத்தகம் கிடையாது. நோட்டு தொலையும், வண்டி தொலையாது என்பது அவர் கட்சி. பெல்ட் மாற்றியதும் மீட்டரில் இருக்கும் எண்ணை மூடியிலேயே எழுதிவிடுவார். அக்கா இந்தக் காரைப் பழையதாக வாங்குவதற்கு முன்பே இதில் எழுதியிருக்கிறார்.

அக்கா வானிலை ஆய்வாளர். மலைக்கு அந்தப் பக்கம், முந்நூற்றுப் பத்து கிலோமீட்டரில் இருக்கும் நிலையத்துக்குத் தலைமைப் பொறுப்பு வர ஒன்பது வருடம் காத்திருந்தாள். வெள்ளி மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். இன்று புதன். நாளைக் காலையில் கிளம்புகிறாள், தனியாக, இந்தக் காரில்.

இவளிடம் போய் நடந்ததைச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள்.*

* முன்பு ஒரு கதைக்காக அவளுடைய தையல் மெஷினைப் பிரித்தேன். கதை வந்தது. மெஷின் வரவில்லை. "இனிமே எழுதுறதுக்குன்னு என் சாமானத் தொடாத. ஊர்ல வேற சாமானே இல்லயாடா?" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

4

என் முதல் வரைவில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'மூடியில் 1,70,000 என்று எழுதியிருந்தது.' அதைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். பெல்ட் முப்பத்து நான்காயிரம்தான் ஓடியிருக்கிறது. அக்கா இன்னும் நூறு தடவை மலைக்குப் போய் வரலாம்.

பிறகு ஓரத்தில் என் கையெழுத்தில் இருந்த குறிப்பைப் படித்தேன்: 'எண் நன்றாக இருக்கிறது.'

கண்ணால் பார்த்த எண்ணை யாராவது நன்றாக இருக்கிறது என்பார்களா? எண்ணைக் கற்பனை செய்தவன்தான் அப்படித் தட்டிக்கொடுப்பான். இருபது வருடம் செய்தியாளனாக இருந்தவன் நான். இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் ஓர் எண்ணை அச்சுக்கு அனுப்பியதில்லை. கதை எழுத வந்ததும் முதலில் கழன்றுபோனது அந்தப் பழக்கம். இப்போது 1,10,000 என்று சொல்லிப் பார்த்தால் அதுவும் தெரிந்த முகமாகத்தான் இருக்கிறது. அப்படியானால் தொண்ணூற்று நான்காயிரம் ஓடியாகிவிட்டது. அதற்கும் முன்னால் மாற்றியிருந்தால்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

மதியம் பட்டறைக்குப் போய், அக்கா காரில் எப்போது பெல்ட் மாற்றினீர்கள் என்று கேட்டேன். மூடியில் இருக்குமே என்றார் பொறுமை. இல்லை என்றேன். தான் எழுதாமல் விட்டதே இல்லை என்றார். நான் பட்டறைக் கூரையைப் பார்த்தேன். நல்ல கூரை.

"பெல்ட்டப் பாத்தா தெரியாதாண்ணே?"

"பொறுமை. பாத்தா நல்லாத்தான் இருக்கும். அறுந்துபோற நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். சந்தேகம்னா மாத்திரணும். நாளைக்கு எட்டு மணிக்குத் திறப்பேன், வண்டிய விடுங்க. சாயங்காலம் தந்துடறேன்." கையைத் துடைத்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். "இல்லன்னா துடைச்ச ஆளக் கேளுங்க. பாத்துட்டுத்தான துடைச்சிருப்பான்?"

5

முடிவுகள், கைவசம் உள்ளவை.

முதலாவது: ஏழாவது வளைவில் சின்னதாக ஒரு சத்தம். அக்கா வண்டியை ஓரம்

வேண்டாம். கை ஓடவில்லை.

இன்னொன்று: ஒன்றுமே ஆவதில்லை. பெல்ட் பாட்டுக்கு ஓடுகிறது. இங்கே தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் ஒருவன் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்புகிறான். பல வருடங்களுக்கு.

மூன்றாவது முடிவை எழுதக்கூட இல்லை, செய்தே பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட் பேனா வாங்கிவந்து, சாயங்காலம் பானெட்டைத் தூக்கி, மூடிக்கு நேராக நின்றேன். 'நன்றாக இருக்கும்' அந்த எண்ணையே திரும்ப எழுதிவிடலாம் என்று. என் கையெழுத்து பொறுமையின் கையெழுத்தைவிட அழகு, மாட்டிக்கொள்வேன் என்று தயங்கிய நேரத்தில் பின்னால் அக்கா.

"என்னடா பண்ற?"

"தண்ணி இருக்கான்னு பாத்தேன்."

"கதை ஒண்ணும் எழுதலயே?"

"சேச்சே."

"நம்பரப் பாத்தியா? பெல்ட் இன்னும் ஓடும்ல?"

"ம்."

இதுவரை நான் எழுதியதிலேயே மிகச் சிறிய புனைகதை அந்த 'ம்'. அவள் நம்பிவிட்டாள். தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பெட்டி அடுக்கப் போனாள், விசிலடித்துக்கொண்டே. என் புனைகதையை யாரும் அவ்வளவு சந்தோஷமாக நம்பியதில்லை.

6

ஆகவே முடிவு எழுதும் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். இந்தத் தாள்களை ஸ்டியரிங்கில் செருகி வைக்கப் போகிறேன், பேனாவையும் சேர்த்து.

அக்கா எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பாள். ஐந்து பகுதி பொறுமையாகத் தாண்டி வந்த நீங்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். அவளுக்குக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

அக்கா, நம்பரைத் துடைத்தது நான். எழுதுவதற்காகத்தான். ஒரு லட்சத்து எழுபதாயிரம் என்பது பார்த்ததா, நானே இட்டுக்கட்டியதா என்று எனக்கே தெரியாது. நேற்றுச் சொன்ன 'ம்' பொய். வாசலைத் தாண்டி வலது பக்கம் திரும்பினால் பட்டறை. பெல்ட் மாற்ற ஒரு நாள் போகும், வெள்ளி விடியற்காலையில் கிளம்பினால் மாலைக்குள் சேர்ந்துவிடலாம், ஆனால் மலைப்பாதை, கொஞ்சம் இறுக்கிப் பிடித்துத்தான். இடது பக்கம் மலை. திட்டுவதானால் போய்ச் சேர்ந்த பிறகு திட்டு.

(இது தனித் தாள், காரில் இல்லை.) வியாழன் காலை, மணி ஏழே முக்கால். படியில் செருப்புச் சத்தம். கார்க் கதவு திறக்கிறது. தாள்கள் புரள்கின்றன, படிக்கிறாள் போலிருக்கிறது. பிறகு ஒரே ஒரு தடவை ஹார்ன், நீளமாக, நிச்சயமாக எனக்குத்தான். எஞ்சின் கிளம்புகிறது.

நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நிற்கிறேன். உங்களுக்கும் இடம் இருக்கிறது, வாருங்கள். எந்தப் பக்க இண்டிகேட்டர் என்று நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். என் கண்ணை நான் நம்புவதாக இல்லை.