கழியாத மாதம்

மாடி வீட்டில் வாடகை கட்டாத ஐந்து மாதங்களும் கழியவே இல்லை. அங்கே குடியிருந்த எலக்ட்ரீஷியனும் அவர் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துபோய் வெகுநாளாகியும், கீழே மழை கொட்டும்போது மேலே வெயில் அடித்தது. அந்த மாதங்கள் வரிசையாக ஓடி முடியும். உடனே முதலிலிருந்து தொடங்கும். முதல் இரண்டு மாதமும் அவர்களுடைய மகள் கீழே பாத்திரம் அதிரும்படி குதிப்பாள். எங்கே போனாலும் குதித்தே போகிற பிள்ளை என்பதால் தெருவில் அவளுக்குத் தவளை என்று பெயர். மூன்றாம் மாதம் இருமல் வரும். நான்காம் மாதம் இருமல் மட்டும்தான். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் அதுவும் நின்று, தாயின் அழுகை கேட்கும். அழுகை ஓய்ந்த மறுநாள் மறுபடி தொம் தொம். ஏறிப் பார்த்தால் ஆள் இருக்காது. கொடியில் ஒரு சின்ன கவுன் ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். கைக்கு வந்ததையெல்லாம் அந்த மாடியில் கொட்டியிருந்தார். அந்த வாடகைதான் இருவருக்கும் சாப்பாடு. கட்டும்போதே அவர் மனைவி, "எனக்கு வீட்டுக்காரரா இருக்கவே உங்களுக்கு நேரமில்ல, இதுல ஊருக்கெல்லாம் வேற வீட்டுக்காரரா?" என்று கேட்டிருந்தாள். அடுத்துக் குடிவந்த பல் டாக்டர் ஒரே வாரத்தில் அட்வான்ஸைக்கூடக் கேட்காமல் ஓடினார். பிறகு யாரும் வரவில்லை.

எலக்ட்ரீஷியன் கொடுத்திருந்த ஒரு மாத அட்வான்ஸ் கையில் இருந்தது. எந்த வீட்டுக்காரரும் செய்வதுபோல, அதை இருப்பதிலேயே பழைய மாதத்தில் கழித்தார். அந்த மாதம் கழிந்தது. அடுத்த சுற்றில் தவளை பாதி நாள்தான் குதித்தாள், சீக்கிரமே இருமத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்காரருக்கு விஷயம் பிடிபட்டது. மீதி நான்கையும் வசூலித்துவிட்டால் மாடியை வாடகைக்கு விடலாம். மனைவிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வக்கீல் நோட்டீஸ், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. மின்சாமான் கடை ஒன்றுவிடாமல் விசாரித்து, செருப்புத் தேய அலைந்து, வேறோர் ஊரில் ஒரு லாட்ஜில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியனைப் பிடித்தார். கத்தித் தீர்க்க வேண்டும் என்றுதான் போனார்.

"ஏமாத்தணும்னு இல்ல சார். இருந்ததெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போச்சு. அப்புறம் அந்தப் படியில ஏற முடியல."

வீட்டுக்காரர் மேலே கேட்பதையெல்லாம், அட்வான்ஸைக் கழித்ததும் ஒரு மாதம் போனதையும், ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் சொன்னார். எலக்ட்ரீஷியன் கையிலிருந்த ஒயரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கடன் வாங்கிக்கொண்டு புருஷனும் பெண்டாட்டியும் வந்தார்கள். அப்போது மேலே இரண்டாம் மாதம். காலையில் ஏறியவர்கள் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் இறங்கினார்கள். அவள் முகம் வீங்கியிருந்தது. எலக்ட்ரீஷியன் மூன்று மாத வாடகையை மேசையில் வைத்தார்.

"இத கடைசி மாசத்துல இருந்து கழிச்சுக்குங்க சார்."

"பழசுதானப்பா மொதல்ல கழிக்கணும்?" என்றார் வீட்டுக்காரர். பழக்கதோஷம்.

"எதக் கழிச்சீங்களோ அது போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அவர் மனைவி. அவள் அவரிடம் அப்படிக் குரல் உயர்த்தியது அதுவே முதல் முறை.

ஐந்தாம் மாதத்துக்கு ரசீது எழுதினார், பிறகு நான்காம் மாதத்துக்கு, மூன்றாம் மாதத்துக்கு. அதன்பின் மாடியில் யாரும் சாகவில்லை. பிள்ளை மாதம் முழுக்கக் குதித்தாள். மாதம் முடிந்ததும் அதே மாதம் தொடங்கியது. முதல் மாதத்தைத் தானே கழித்துத் தொலைத்ததை நினைத்து வீட்டுக்காரர் ஒருநாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மாடி வாடகை இனி இல்லை என்றானதும், அந்த வயதில் கண்ணாடியை மாற்றிக்கொண்டு அச்சகத்துக்கே திரும்பவும் வேலைக்குப் போனார்.

இரண்டு வருடம் சென்று வக்கீல் சாதாரணமாக ஒன்று சொன்னார். வசூலிக்காமல் விட்ட பாக்கி காலாவதியாகிவிடும். கெடு முடிவதற்குள் கடன்பட்டவர், தர வேண்டியது உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அதற்கு உயிர். வீட்டுக்காரர் அன்றே நோட்டீஸ் அனுப்பினார். அது கிடைத்ததுமே எலக்ட்ரீஷியனும் மனைவியும் ஓடிவந்து, ஒரு மாத வாடகை தர வேண்டியது உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு மேலே போய் உட்கார்ந்தார்கள். கெடு நெருங்கும் போதெல்லாம் இப்படித்தான் நடக்கிறது. புறப்படும்போது எலக்ட்ரீஷியனின் மனைவி, "அடுத்த தடவையும் மறக்காம நோட்டீஸ் அனுப்புங்க சார்" என்று கும்பிடுவாள்.

புரோக்கர்கள் இன்னும் வந்து மாடி காலியா என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரரின் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

"இல்லைங்க, ஆள் இருக்காங்க."