கசின் பிரதர்

…ஆனால் முதல் வரிசை கூடாது, முதல் வரிசையில் உட்கார்ந்தால் ஆசாமி என் முகத்தைப் பார்த்துவிடுவார், பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும், தெரிந்தால் உஷாராகிவிடுவார், ஆகவே மூன்றாவது வரிசை, தூணை ஒட்டிய நாற்காலி, இதற்கு ஒரு கால் குட்டை, ஆடுகிறது, ஆடட்டும், பழிவாங்க வந்தவன் ஆடாத நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். இந்த நூலகத்து மாடிக் கூடத்தில் மின்விசிறிகள் எல்லாம் மேடைக்குக் காற்றையும் எங்களுக்குச் சத்தத்தையும் பிரித்துக் கொடுக்கின்றன. ஓய்வு பெற்றோர் வாசகர் வட்டம், மாதக் கூட்டம், இன்றைக்குச் சொற்போர், ‘நம் ஊர் ஆங்கிலம் சரியா, பிழையா?’ பிழை என்று பேச வருகிறவர் யார் என்று கீழே அறிவிப்புப் பலகையில் படித்த நாளிலிருந்து எனக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, ரத்த அழுத்தம் பச்சைக்குழந்தை மாதிரி ஆகிவிட்டது, டாக்டரே மிரண்டுபோய் மாத்திரையைக் குறைத்துவிட்டார், வன்மத்தை ஏன் இன்னும் மருந்துக்கடையில் விற்க ஆரம்பிக்கவில்லை? வருகிறவர் என் பழைய அதிகாரி. தண்ணீர் வரி அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் முற்றுப்புள்ளி, அவர் வாயைத் திறந்து மூடினால் அதற்கப்புறம் அந்த அறையில் வாக்கியமே கிடையாது. அவருக்காக ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷமாக அதைத் தீட்டித் தீட்டி, தீட்டுகிற சத்தத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பல் கூசியிருக்கிறது. சாயங்காலம் கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது வீட்டுக்காரி கேட்டாள், “இஸ்திரி போட்ட சட்டை, தலைக்குச் சாயம், என்ன, பொண்ணு பார்க்கப் போறீங்களா?” ஒருத்தரைப் பார்க்கணும் என்றேன். “அந்த மனுஷனையா? அவருக்கும் வயசாயிருக்கும், உங்களுக்கும் வயசாயிருச்சு, விட்டுத் தொலைங்களேன்.” விட முடியாது என்றேன். “அப்ப பல்செட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க, கடிச்சு கிடிச்சு வெச்சிரப் போறீங்க.” கழற்றவில்லை, எதற்கும் இருக்கட்டும்…

வந்துவிட்டார். எவ்வளவு சுருங்கிவிட்டார், அந்தக் காலத்தில் கதவுக்குள் நுழைந்தால் கதவு சிறுத்துப்போகும், இப்போது மனைவி கையைப் பிடித்துப் படியேற்றுகிறார், ஐயோ பாவம் என்று சொல்லத் தோன்றுகிறது, சொல்ல மாட்டேன், பாவமாவது புண்ணியமாவது, நாக்கு சுருங்கியிருக்கிறதா, அதைப் பார். மைக்கைத் தட்டுகிறார், அதே தட்டு, அன்றைக்கு என் மேசையைத் தட்டின அதே ஆட்காட்டி விரல். தலைமை வகிக்கிற அம்மாள் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவரைக் கையால் காட்டி, மூக்கால் ஆங்கிலம் பேசி, ‘மை கசின்’ என்கிறார். அடடா. அடடடா. கேட்டாயா மனசே, கசின், வெறும் கசின், வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், அவருடைய சித்தப்பா மகள், சொந்தத் தங்கை முறை, அவரைக் கசின் என்று மைக்கில் சொல்லிவிட்டார், கூடமே சாட்சி. மேடைக்குக் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிற அவர் மனைவி யார்? அவருடைய சொந்த அத்தை மகள், கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு அலுவலகமே பேசின சங்கதி. எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும், பழம் நழுவிப் பாலில் விழுந்து, பால் நழுவி என் வாயில் விழுந்திருக்கிறது. இரு, அவசரப்படாதே, கேள்வி நேரம் கடைசியில்தான், அதுவரைக்கும் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மூச்சு விடு…

எதிரணியில் பல் டாக்டர், வேறு தாய்மொழிக்காரர், நல்ல மனுஷர், அவர் சொல்கிறார், வெள்ளைக்காரன் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போய் எவ்வளவு காலமாச்சு, விட்டுப்போன வீட்டில் ஆணி அடிக்கலாமா என்று இன்னும் அவனுக்குத் தபால் போட்டுக் கேட்பீர்களா, என் மொழி உங்களுக்குப் புரியாது, உங்கள் மொழி எனக்குப் பாதிதான் புரியும், நடுவில் இருக்கிற இந்தப் பாஷை இரண்டு பேருக்கும் பொதுக்கிணறு, கயிறு யாருடையது என்று பார்க்காதீர்கள். கைதட்டல். நானும் தட்டினேன், பக்கத்து நாற்காலிக்காரர் காதைப் பொத்திக்கொள்கிற அளவுக்கு. முற்றுப்புள்ளி சிரிக்கிறார், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், சிவப்பு மையைத் திறப்பதற்கு முந்தின சிரிப்பு. எங்கள் பிரிவில் மூன்று தாய்மொழிகள், அதனால் வேலைநேரத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்று உத்தரவு, குடிப்பதற்குத் தண்ணீர் கேட்டால்கூட முன்னிடைச்சொல், அதுதான் அந்த இன், ஆன், அட், சரியாகப் போட்டுக் கேட்க வேண்டும், தவறான முன்னிடைச்சொல்லுக்குத் தண்ணீர் கிடையாது, தாகத்திலேயே செத்தவர்கள் உண்டு, சரி, சாகவில்லை, ஆனால் நாக்கு வறண்டது உண்மை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று புகார் கொடுத்தவனுக்கு நான் எழுதின பதிலை அவர் திருத்தித் திருத்தி முடிப்பதற்குள் அந்தத் தெருவில் மழைக்காலமே வந்துவிடும்.

இப்போது என்ன சொல்கிறார்? பெயர்ப்பட்டியல் மாதிரி நம் ஊர்த் தப்புகளை அடுக்குகிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், திடீரென்று, அதே மூக்கு ஆங்கிலத்தில், “என்னிடம் ஒரு குமாஸ்தா இருந்தார்” என்கிறார். இரு. இரு இரு. அந்த ஆட்காட்டி விரலைத் தூக்குகிறார், “ஒரு நாள் அவர் என் அறைக்குள் ஓடிவந்து என்ன சொன்னார் தெரியுமா? ‘சார், மை கசின் பிரதர் எக்ஸ்பயர்ட்.’ நான் கேட்டேன், எக்ஸ்பயர் ஆவதற்கு அவர் என்ன மருந்துப் பாட்டிலா?” கூடம் குலுங்குகிறது. பக்கத்து நாற்காலிக்காரர் சிரிப்புத் தாங்காமல் என் தொடையில் அடிக்கிறார், என் தொடையில், என் தொடை அது, அந்தக் குமாஸ்தாவின் தொடை. ஆக, இவர் இதை மறக்கவில்லை, மறக்காதது மட்டுமா, ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார், என் அண்ணன் சாவு இவருக்குக் கைதட்டல் வாங்கிக் கொடுக்கிற துணுக்கு. பல்செட்டைக் கழற்றாமல் வந்தது எவ்வளவு நல்லது.

அண்ணன் என்றால் பெரியப்பா மகன், ஆனால் எங்கள் வீட்டில் பெரியப்பா சித்தப்பா என்ற சுவரே கிடையாது, ஒரே அடுப்பு, ஒரே சைக்கிள், அவன் மிதிப்பான், நான் பின்னால், மேட்டில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும், தள்ளாமல் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டான், மூச்சு வாங்க, “ஏன்டா, நீ என்ன சிமெண்டு மூட்டையா?” என்பான், அவ்வளவுதான். லாரி மோதி, காலையில். அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது, மத்தியானம் பஸ் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம், எடுப்பதற்குள் முகத்தைப் பார்த்துவிடலாம். மாடிப்படி ஏறுகிறேன், காலோடு சேர்ந்து வாக்கியமும் ஏறுகிறது, மை, கசின், பிரதர், எக்ஸ்பயர்ட், கைப்பிடியில் கை வழுக்குகிறது, வியர்வை. அவர் அறையில் விசிறி கிறீச் கிறீச், கண்ணாடிக் காகித எடை, அதற்குள் ஒரு நீலக் குமிழி, ஓரத்தில் தட்டச்சுக்காரம்மா. சொன்னேன். மருந்துப் பாட்டிலா என்றார். தட்டச்சு நின்றது. அந்தம்மா சிரித்தார், வாசலில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம், கசினுக்கு லீவு கிடையாது, விதியில் பிரதர்தான் இருக்கிறது, ‘கசின் பிரதர்’ என்று ஒரு பிராணி ஆங்கிலத்தில் இல்லை, ஐந்தரை மணி வரைக்கும் வேலையைப் பார், என்றார். பார்த்தேன். என்ன வேலை பார்த்தேன், யாருக்கோ தண்ணீர் வரவில்லை என்பதற்கு வருத்தம் தெரிவித்தேன். ராத்திரி பஸ் பிடித்து, விடிந்து போய்ச் சேர்ந்தால், வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். ஈரம்கூடப் பாதி காய்ந்திருந்தது. சைக்கிள் மட்டும் சுவரில் சாய்ந்து, பின் இருக்கை எனக்காகக் காலியாக…

கேள்வி நேரம். எழுந்துவிட்டேன், நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது, நல்ல சகுனம். குரல் நடுங்குமோ என்று பயந்தேன், நடுங்கவில்லை, தேன் மாதிரி வருகிறது, விஷத்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுதானே மருத்துவம். “சார், தலைமை வகிக்கிற அம்மாவைக் கசின்னு அறிமுகம் பண்ணீங்க, ரொம்ப சந்தோஷம். கீழ உக்காந்திருக்கிற உங்க வீட்டம்மா உங்க அத்தை பொண்ணு, அவங்களும் இங்கிலீஷ்ல கசின். ரெண்டு கசின்ல ஒருத்தரைக் கட்டிக்கிட்டீங்க. இன்னொருத்தரைக் கட்டிக்கலாமான்னு கேட்டாலே ஊர்ல செருப்பு பறக்கும். ஏன் பறக்கும்னு, சிஸ்டர்ங்கிற வார்த்தையைத் தொடாம, ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்துல சொல்லிருங்க, நான் உக்காந்துக்கிறேன்.” எங்கோ பின்வரிசையில் ஒரு இருமல், அது சிரிப்பாகி, சிரிப்பு பற்றிக்கொண்டு, கூரை ஒரு முழம் எழும்பி இறங்கியது, நான் பார்த்தேன், சத்தியமாக எழும்பியது. முற்றுப்புள்ளி வாயைத் திறக்கிறார். “பிகாஸ் ஷீ இஸ் லைக் மை…” நிற்கிறது. “ஷீ இஸ், இன் அவர் சிஸ்டம், எ கைண்ட் ஆஃப்…” நிற்கிறது. முற்றுப்புள்ளி கமாவாகி, கமா மூன்று புள்ளியாகி, ஆஹா, இந்தக் காட்சிக்கு எத்தனை ஓய்வூதியம் கொடுத்தாலும் தகும். முதல் வரிசையிலிருந்து அவர் மனைவி, “சொல்லுங்களேன், நானும் எத்தனை வருஷமா தெரிஞ்சுக்கணும்னு இருக்கேன்.” அவருக்கு நெற்றியில் வியர்வை, தலைமை வகிக்கிற அம்மாள் பதறிப்போய், மைக் திறந்திருப்பதை மறந்து, “அண்ணா, முதல்ல தண்ணியைக் குடிங்கண்ணா” என்றார். போயிற்று. கூட்டம் முடிந்தது. பல் டாக்டர் மேடையிலிருந்து குதித்தே வந்துவிட்டார், மூட்டுவலி முழங்காலோடு, என் முதுகில் குத்தி, தன் பாதித் தமிழில், “கலக்கிட்டீங்க, என் கட்சியில இனிமே நீங்கதான் முதல் பேச்சாளர்” என்கிறார், முகம் தெரியாதவர்கள் கைகுலுக்குகிறார்கள், பக்கத்து நாற்காலிக்காரர் என் நாற்காலியை நிமிர்த்தி, தூசி தட்டி, உட்காருங்க என்கிறார். எனக்கு இறகு முளைத்துவிட்டது, அண்ணா, பார்த்தாயா, உன்னைப் பாட்டில் என்றவன் வாயை அடைத்துவிட்டேன்…

படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார். மனைவி செருப்புத் தேடுகிறார், இவர் என்னையே பார்க்கிறார். வரட்டும், வந்து கத்தட்டும், அதற்கும் பதில் இருக்கிறது. “நீங்கதானே அது” என்றார். தமிழில். என் காதால் இவர் தமிழைக் கேட்டது இதுதான் முதல் தடவை, சாதாரணத் தமிழ், எங்கள் வீட்டு மளிகைக்கடைக்காரர் பேசுகிற மாதிரி. ஆமா சார் என்றேன், நாற்பது வருஷத்து ‘சார்’ தானாக வந்துவிட்டது, சனியன். “கேள்வி நல்லா இருந்துது. எனக்குப் பதில் தெரியலை, நெஜமாவே தெரியலை.” கைத்தடியை மாற்றிப் பிடித்தார். “ஆனா ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா. அன்னைக்கு நான்தான் கேட்டேனே, கசினா, பிரதரா, ஒண்ணைச் சொல்லுய்யான்னு. பிரதர்னு சொல்லியிருந்தா கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன். சர்ட்டிபிகேட்டா கேக்கப் போறேன்? நீங்கதான் கசின்னு சொன்னீங்க. ஏன் அப்படிச் சொன்னீங்க?” மனைவி, “வாங்க, படியைப் பார்த்து, அவரு பாவம் வீட்டுக்குப் போகட்டும்” என்று கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

பொய். அப்பட்டமான பொய், தோற்றவன் கிளப்புகிற புழுதி, அவர் அப்படிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்காதா, எனக்கு எது ஞாபகமில்லை, விசிறி ஞாபகம் இருக்கிறது, நீலக் குமிழி ஞாபகம் இருக்கிறது, தட்டச்சுக்காரம்மா சிரித்துவிட்டு முந்தானையால் வாயை மூடினது ஞாபகம் இருக்கிறது, பாட்டில் என்றார், சிரித்தார்கள், அப்புறம் லீவு கிடையாது என்றார். அந்த ‘அப்புறம்’ எவ்வளவு நேரம்? சிரிப்பு அடங்கின பிறகு கொஞ்சம் சத்தமில்லாமல் இருந்தது, அது எதற்கு? எதற்காகவோ எல்லோரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது எதற்கு? பல் டாக்டர் கூப்பிடுகிறார், காபி குடிக்கலாம், வெற்றிக் காபி என்கிறார், வருகிறேன் வருகிறேன். ஒருவேளை கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன், அந்த அறையில், அந்தச் சிரிப்புக்கு நடுவில், இன்னொரு தப்பு வந்துவிடக் கூடாதே என்று… வீட்டில் ஒருநாள்கூட அவனைப் பெரியப்பா பையன் என்று சொன்னதில்லை, யாராவது கேட்டால் அண்ணன், கூடப் பிறந்தவனா என்று கேட்டால் அண்ணன் என்று இன்னொரு தடவை சொல்வேன், கேட்டவன் வாயை மூடிக்கொண்டு போவான். தட்டச்சுக்காரம்மாவுக்கு வேறு தாய்மொழி, ஆனால் அவர் தன் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிடும்போது என்னவென்று கூப்பிடுவார், அண்ணா என்றுதானே, அந்த வார்த்தையைத்தானே. மூன்று தாய்மொழிக்காரர்களும் இருந்த அந்த அறைக்குள் நுழைந்து, அண்ணன் செத்துட்டாரு சார் என்று மட்டும் சொல்லியிருந்தால் யாருக்குப் புரியாமல் போயிருக்கும், படியேறும்போது அந்த வார்த்தைதானே முதலில் வந்திருக்க வேண்டும், பிரதருக்கு முன்னால் அந்தக் கசினைக் கொண்டுவந்து வைத்தது யார், அவர் இல்லையே, அவர் அப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அல்லவா உட்கார்ந்திருந்தார்…